கொசுக் கட்டுப்பாட்டில் கனிமப் பொருள்கள்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடி மக்கள் மலேரியாக் காய்ச்சலுக்கு ஆளாயினர் என்றும், அவர்களில் எட்டு லட்சம் பேர் உயிரிழந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1958ஆம் ஆண்டில் அது ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் டி.டி.டி. மருந்தைத் தெளிப்பதே இத்திட்டத்தின் அடிப்படையாக இருந்தது. இதன் பயன் வியக்கத்தக்கதாயிற்று. 1965ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கே நோய் கண்டது; மரணம் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1976இல், நோயுற்றோர் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது.

இந்தப் பின்னடைவுக்குப் பல காரணங்கள் உண்டு. மருந்து உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. கண்காணிப்புப் பணி தளர்ந்தது. வளர்ந்துவரும் நகரங்களில் கொசுக்கள் பெருகின. இவற்றோடு, மருந்துக்கு மடியாத கொசுக்களும் தோன்றின. நம் நாட்டின் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்புவதில் பெரும்பங்கு வகிக்கும் அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற கொசு, டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றலை 1950களின் இறுதியிலேயே காட்டத் தொடங்கியது. பின்னர் மாலத்தியான் பயன்படுத்தப்பட்டது. அதன்பின் செயற்கைப் பைரித்ராய்டுகள் வந்தன. ஒவ்வொரு மருந்தும் சில காலம் பயன் தந்து, பிறகு சில பகுதிகளில் வலுவிழந்தது.

அண்மை ஆண்டுகளில் நாடு மீண்டும் பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது. 2015ஆம் ஆண்டில் 11.69 லட்சமாக இருந்த நோயாளிகள் எண்ணிக்கை, 2023இல் 2.27 லட்சமாகக் குறைந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை நாட்டிலிருந்து அகற்றுவது இலக்காகக் கொள்ளப்பட்டுள்ளது. இம்முன்னேற்றத்தில் மருந்தூட்டப்பட்ட கொசுவலைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வலைகளில் சேர்க்கப்படுவது பைரித்ராய்டு இனத்தைச் சேர்ந்த மருந்தே. இவ்வளவு பெரிய பயன் ஒரே மருந்தினத்தைப் பெரிதும் சார்ந்து நிற்பது கவலைக்குரியது. ஆகவே, முற்றிலும் வேறான வழியில் கொசுவைக் கொல்லும் பொருள்களைப் பற்றிய ஆய்வு முக்கியத்துவம் பெறுகிறது. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் நிலத்தடி எண்ணெயிலிருந்தும் பெறப்படும் கனிமப் பொருள்கள் இவ்வகையில் கருதத்தக்கவை.

எதிர்ப்பாற்றல் தோன்றும் விதம்

இரசாயனப் பூச்சிக்கொல்லி, பூச்சியின் உடலுக்குள் ஏதேனும் ஓர் உறுப்பின் நுண்ணிய பகுதியைத் தாக்குகிறது. டி.டி.டி.யும் பைரித்ராய்டுகளும் நரம்புகளில் சோடிய அயனிகள் சென்றுவரும் வாயில்களைத் தாக்கி, நரம்பின் இயக்கத்தைக் குலைக்கின்றன. கோடிக்கணக்கான கொசுக்களில் ஒரு சிலவற்றில் அவ்வாயிலின் அமைப்பு பிறவியிலேயே சற்று மாறியிருக்கும். வேறு சிலவற்றில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருக்கும். மருந்து தெளிக்கப்படும்போது ஏனையவை மடிகின்றன. இவை பிழைத்து முட்டையிடுகின்றன. கொசுவின் தலைமுறை சில வாரங்களே ஆதலால், சில ஆண்டுகளில் மருந்துக்கு மடியாத கொசுக்களே மிகுந்துவிடுகின்றன. டி.டி.டி.யும் பைரித்ராய்டுகளும் ஒரே வாயிலைத் தாக்குவதால், ஒன்றுக்கு எதிராகத் தோன்றும் ஆற்றல் மற்றதையும் ஓரளவு பயனற்றதாக்கக்கூடும்.

கனிமப் பொருள்களுள் பல செயற்படும் முறை வேறு. அவை கொசுவின் இரண்டு அடிப்படைத் தேவைகளைத் தாக்குகின்றன. நீரில் வாழும் புழுப்பருவத்தில் கொசுவுக்குக் காற்று தேவை. வளர்ந்த பருவத்தில் தன் உடலிலுள்ள நீரைக் காத்துக்கொள்வது தேவை. நீர்ப்பரப்பின்மேல் பரவும் எண்ணெய்ப் படலம் காற்றைத் தடுக்கிறது. சுவரின்மேல் படியும் நுண்தூள் உடலின் நீரை வெளியேறச் செய்கிறது. மூச்சுவிடாமலோ நீரின்றியோ வாழக்கூடிய கொசு பிறவி மாற்றத்தால் தோன்றுவது எளிதன்று. எனினும், அது நடக்கவே நடக்காது என்று கொள்வதற்கில்லை. சேமிப்புத் தானியத்தைத் தாக்கும் வண்டுகளில் சில இனங்கள் இத்தகைய தூள்களைப் பிற இனங்களைவிட அதிகமாகத் தாங்குகின்றன. கொசு, தூள் படிந்த இடத்தை விட்டு விலகி அமரவும் பழகக்கூடும்.

டி.டி.டி.க்கு முந்தைய அனுபவம்

கொசுவுக்கு எதிராகக் கனிமப் பொருளைப் பயன்படுத்துவது புதிய கருத்தன்று. 1892ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் எல்.ஓ. ஹோவர்ட், தேங்கிய நீரில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொசுப்புழுக்கள் மடிவதை ஆராய்ந்து வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமி அனாபிலஸ் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். கொசுவே நோயைப் பரப்புகிறது என்பது உறுதியானபின், எண்ணெய்த் தெளிப்பு பொதுச் சுகாதாரப் பணியாயிற்று. 1904 முதல் 1914 வரை பனாமாக் கால்வாய் வெட்டப்பட்டபோது, கோர்காஸ் தலைமையில் வடிகால்களை அமைத்தும் எண்ணெய் தெளித்தும் கொசுக்கள் கட்டுப்படுத்தப்பட்டன.

1921ஆம் ஆண்டில் மற்றொரு பொருள் பயனுக்கு வந்தது. 'பாரிஸ் பச்சை' எனப்படும் அது, தாமிரமும் ஆர்சனிக்கும் அடங்கிய பச்சை நிறத் தூள். அனாபிலஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடந்து, மேற்பரப்பில் மிதக்கும் துகள்களையே உண்கிறது. பாரிஸ் பச்சையைச் சாலைப்புழுதி போன்ற ஒரு தூளுடன் கலந்து தூவினால், அது நீரில் மிதந்து புழுவின் உணவாகி அதைக் கொல்கிறது. நீருக்குள் தலைகீழாகத் தொங்கியபடி இரைதேடும் க்யூலெக்ஸ் புழுவிடம் இதற்கு அவ்வளவு பலன் இல்லை.

பாரிஸ் பச்சையின் பெரிய வெற்றி பிரேசில் நாட்டில் கிட்டியது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அனாபிலஸ் காம்பியே என்ற கொடிய கொசு 1930ஆம் ஆண்டில் அந்நாட்டின் நட்டால் நகரில் காணப்பட்டது. அது வடகிழக்குப் பகுதியில் பரவி, 1938இல் பெரும் கொள்ளைநோய்க்குக் காரணமாயிற்று. பிரெட் சோப்பர் தலைமையில் 1939இல் தொடங்கிய இயக்கம், பகுதி பகுதியாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு நீர்நிலையையும் தவறாமல் பார்வையிட்டுப் பாரிஸ் பச்சையைத் தூவியது. வீடுகளிலும் வண்டிகளிலும் பைரித்ரம் தெளிக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டின் இறுதிக்குள் அக்கொசு பிரேசிலிலிருந்து அறவே அகற்றப்பட்டது. தூளின் நச்சுத்தன்மை ஒரு காரணமாக இருந்தபோதிலும், எந்தக் குட்டையும் விடுபடாத வகையில் நடந்த மேற்பார்வையே வெற்றிக்கு முதற்காரணம் எனலாம்.

நீர்ப்பரப்பின் மேல் ஒரு படலம்

இந்தியாவில் 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நகர்ப்புற மலேரியாத் திட்டம், கொசுவைப் புழுப்பருவத்திலேயே அழிப்பதை அடிப்படையாகக் கொண்டது. இதில் பயன்பட்ட பொருள்களுள் கொசுப்புழு எண்ணெயும் ஒன்று. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து பெறப்படும் இது, நீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. க்யூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் வால்முனையிலுள்ள சுவாசக்குழாயை நீருக்கு மேலே நீட்டிக் காற்றைப் பெறுகின்றன. அனாபிலஸ் புழு மேற்பரப்பை ஒட்டிக் கிடந்தே மூச்சு விடுகிறது. படலம் இவ்விரு வகையினவற்றுக்கும் காற்றைத் தடுக்கிறது. எண்ணெயிலுள்ள சில கூறுகள் நச்சாகவும் செயற்படுகின்றன.

இம்முறைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கொசுவின் கூட்டுப்புழு உணவு உண்பதில்லை. எனவே, வயிற்றுக்குள் சென்று கொல்லும் மருந்துகளோ, புழுவின் உணவோடு கலக்கும் நுண்ணுயிர் மருந்துகளோ அதை அழிப்பதில்லை. ஆனால் கூட்டுப்புழுவும் மூச்சு விட்டாக வேண்டும். ஆதலால், ஓரிரு நாளில் கொசுவாகப் பறக்க இருக்கும் கூட்டுப்புழுக்களையும் படலம் அழிக்கிறது.

மணலின் முக்கியக் கூறாகிய சிலிக்காவிலிருந்து பெறப்படும் சிலிக்கோன் திரவங்களும் இப்போது இப்பணிக்குப் பயன்படுகின்றன. இவை மிக மெல்லிய படலமாகப் பரவி, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. மேற்பரப்பைப் பற்றி நிற்க இயலாமல் புழுவும் கூட்டுப்புழுவும் மூழ்கிவிடுகின்றன. முட்டையிட நீரில் அமரும் கொசுவும் நனைந்து மடிகிறது.

எண்ணெயிலிருந்து செய்யப்படும் பாலிஸ்டைரின் மணிகளும் இதே தத்துவத்தில் செயற்படுபவை. மூடிய கழிவுநீர்க் குழிகளில் இவற்றைக் கொட்டினால், அவை மிதந்து நீர்ப்பரப்பை மூடுகின்றன. சான்சிபார் தீவின் மக்குண்டுச்சி என்ற ஊரில் 1980களின் இறுதியில் இம்முறையும் யானைக்கால் நோய் மருந்தும் சேர்த்துக் கையாளப்பட்டு நல்ல பலன் கண்டன. தமிழ்நாட்டில் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களிலும் இம்மணிகள் சோதிக்கப்பட்டன. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் இடங்களில் இவை சூழலைக் கெடுக்கும் ஆதலால், மூடிய குழிகளுக்கே உரியவை.

படல முறைக்கு எல்லைகள் உண்டு. காற்று வீசினால் படலம் ஒருபுறம் ஒதுங்குகிறது. செடிகொடிகள் மண்டிய நீரில் அது தொடர்ச்சியாகப் பரவுவதில்லை. குடிநீர்த் தொட்டியில் எண்ணெயை ஊற்ற இயலாது. மீன் வளரும் குளத்துக்கும் நெல்வயலுக்கும் அது ஏற்றதன்று. எல்லாக் கொசுவுக்கும் அது பொருந்துவதும் இல்லை. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பும் மன்சோனியா கொசுவின் புழு, ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களின் வேரில் குழாயைச் செருகி, வேரிலுள்ள காற்றையே பெறுகிறது. அது மேற்பரப்புக்கு வருவதே இல்லை. அங்கு தாவரத்தை அகற்றுவதே வழி.

சுவரின் மேல் ஒரு தூள்

பூச்சிகளின் மேல்தோலைப் போர்த்தியுள்ள மெழுகுப் படலம், உடலிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறாமல் காக்கிறது. ஏறத்தாழ 2 மில்லிகிராம் எடையே உள்ள கொசுவுக்கு இக்காப்பு இன்றியமையாதது. உடல் சிறிதாகச் சிறிதாக, எடையை நோக்க அதன் மேற்பரப்பு பெரிதாகிறது. நீர் இழக்கும் வேகமும் கூடுகிறது. மெழுகுப் படலம் பழுதுபட்டால் பூச்சி சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ உலர்ந்து மடிகிறது.

நுண்ணிய கனிமத் தூள்கள் இம்மெழுகை உறிஞ்சுகின்றன. ஓரளவு சுரண்டவும் செய்கின்றன. 1940களில் பிரிட்டிஷ் அறிஞர் விகிள்ஸ்வொர்த் இதனை ஆராய்ந்து விளக்கினார். இத்தன்மையுள்ள தூள்களுள் டயாட்டம் மண் முதன்மையானது. நீரில் வாழ்ந்த நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் காலப்போக்கில் படிந்து உருவான மண் அது. எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்டிருப்பதால் அது எண்ணெயையும் மெழுகையும் எளிதில் உறிஞ்சுகிறது. உலகின் பல பகுதிகளில் தானியச் சேமிப்பில் இது பயன்படுகிறது.

இத்தத்துவம் நம் நாட்டு உழவர்களுக்குப் புதியதன்று. விதைகளைச் சாம்பலில் கலந்து வைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்திச் சேமிப்பதும் நெடுங்கால வழக்கம். தூண்டப்பட்ட களிமண் தூளைப் பயறு விதைகளுடன் கலந்து வைக்குமாறு வேளாண்மைத் துறையினரும் பரிந்துரைத்துள்ளனர். கோழி புழுதியில் புரண்டு தன் உடற்பேன்களை நீக்கிக்கொள்வதிலும் இதே இயல்பைக் காணலாம்.

தானியக் குவியலுக்குள் வாழும் வண்டு எந்நேரமும் தூளில் உரசிக்கொண்டே இருக்கிறது. பறந்து திரியும் கொசுவின்மேல் தூளை எவ்வாறு ஏற்றுவது என்பதே சிக்கல். இதற்கு விடை கொசுவின் பழக்கத்திலேயே உள்ளது. இரத்தம் உண்ட அனாபிலஸ் கொசுக்களில் பல இனங்கள் வீட்டுச் சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கின்றன. டி.டி.டி. தெளிப்பு பயன் தந்ததும் இப்பழக்கத்தினாலேயே. அதே சுவரில் கனிமத் தூளைப் படியவைத்தால், அமரும் கொசுவின் கால்களிலும் உடலிலும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

பெனின் நாட்டுச் சோதனை

இக்கருத்து மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டு, அதன் முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அங்குப் பயன்பட்ட பொருள் பெர்லைட். எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்ந்து உருவான கண்ணாடிப் பாறை அது. தன்னுள் சிறிதளவு நீரைக் கொண்டுள்ள இப்பாறையை உயர்ந்த வெப்பத்தில் சூடேற்றினால், பொரி போல உப்பி இலேசான பொருளாகிறது. தோட்டக்கலையிலும் கட்டடத் தொழிலிலும் இது ஏற்கெனவே பயன்பட்டு வருகிறது. இதன் தூளை நீரில் கலந்து, வழக்கமான தெளிப்பான்களைக் கொண்டே சுவரில் தெளித்தனர். நீர் உலர்ந்தபின் தூள் சுவரில் தங்கியது. துகள்கள் நிலைமின்னேற்றத்தின் உதவியால் கொசுவின் உடலில் ஒட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

சோதனைக் குடில்களுள் சிலவற்றில் பெர்லைட்டும், சிலவற்றில் பைரித்ராய்டும், வேறு சிலவற்றில் இரண்டும் கலந்தும் தெளிக்கப்பட்டன. சில குடில்கள் ஒன்றும் தெளிக்கப்படாமல் ஒப்பீட்டுக்காக விடப்பட்டன. அப்பகுதிக் கொசுக்கள் பைரித்ராய்டைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை. பெர்லைட் தெளித்த குடில்களில் மடிந்த கொசுக்களின் விகிதம் ஐந்து மாதங்கள்வரை 80 விழுக்காட்டுக்கு மேலும், ஆறாம் மாதத்தில் 78 விழுக்காடாகவும் இருந்தது. மருந்துக்கு மடியாத கொசு தூளுக்கு மடிந்தது என்பதே இச்சோதனையின் சிறப்பு.

தூளால் கொசு உடனே வீழ்வதில்லை. கொசு கண்ணெதிரே செத்து விழுவதைக் காண விரும்பும் மக்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் நோய்த்தடுப்பு நோக்கில் இது பெரிய குறையன்று. கொசுவின் உடலுக்குள் புகுந்த மலேரியாக் கிருமி, மற்றொருவருக்குத் தொற்றும் நிலையை அடையப் பொதுவாகப் பத்து நாட்களுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் கொசு மடிந்துவிட்டால் நோய் பரவுவது தடைப்படுகிறது.

இந்தியச் சூழ்நிலையில்

ஆப்பிரிக்காவில் கண்ட முடிவை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்திவிட இயலாது. இங்கு நோய் பரப்பும் அனாபிலஸ் இனங்கள் பல. அவற்றின் பழக்கங்களும் வேறு வேறு. குலிசிபேசிஸ் கொசு வீடுகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் அமர்கிறது. எனவே, தொழுவங்களையும் விடாமல் தெளிக்க வேண்டும். ஒடிசாவின் மலைப்பகுதிகளில் நோய் பரப்பும் புளூவியாடிலிஸ் கொசுவும் வீட்டுக்குள் தங்கும் இயல்புடையது. இவ்விரண்டிடமும் சுவர்த் தூள் பலன் தரக்கூடும். ஆனால் வடகிழக்கு மாநிலக் காடுகளிலுள்ள பைமாயி கொசு, கடித்தபின் வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலின் அடியிலும், தொங்கும் துணிகளிலும், இருண்ட மூலைகளிலும் ஒளிந்துகொள்கிறது. இவற்றுக்குச் சுவர்த் தெளிப்பு போதாது.

பருவநிலையும் கருதத்தக்கது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் உடல்நீர் ஆவியாவது குறைகிறது. தூளும் ஈரத்தை ஈர்த்து உறிஞ்சும் திறனை இழக்கிறது. தானியச் சேமிப்பில் டயாட்டம் மண்ணின் பலன் ஈரத்தில் குறைவது நன்கறியப்பட்டதாகும். நம் நாட்டில் மலேரியா பெருகுவதோ மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலுமே. பெனினும் வெப்பமண்டல நாடு ஆதலால் அங்குக் கண்ட முடிவு நம்பிக்கை ஊட்டுகிறது. எனினும், ஓடு வேய்ந்த மண்சுவர் வீட்டிலும், மூங்கில் தட்டிச் சுவரிலும், சிமெண்டுப் பூச்சிலும், நம் பருவமழையின்போதே சோதனை நடத்தப்பட வேண்டும். 1975இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட கொசு முதலிய நோய்ப்பரப்பிகள் பற்றிய ஆராய்ச்சி மையமும், 1977இல் தில்லியில் தோன்றிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய கள ஆய்வில் நீண்ட அனுபவம் உடையவை.

மூலப்பொருளைப் பொறுத்தவரை நாடு வறியதன்று. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்திலும் குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலும் பென்டோனைட் களிமண் மிகுதியாக உண்டு. குஜராத்தின் ஓஷாம் குன்றுப் பகுதியில் பெர்லைட் பாறை காணப்படுகிறது. ஆனால் ஒரு கனிமம் நாட்டில் கிடைப்பதாலேயே அது கொசுவைக் கொல்லும் என்று கொள்ளக் கூடாது. துகளின் அளவு, நுண்துளை, தூய்மை, சுவரில் ஒட்டும் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தே பலன் அமைகிறது.

கனிமம் என்றால் தீங்கற்றதா?

இயற்கையில் கிடைக்கும் பொருள் தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது திருத்தப்பட வேண்டிய எண்ணம். பாரிஸ் பச்சையும் கனிமப் பொருள்தான். அதிலுள்ள ஆர்சனிக் மனிதருக்கும் கொடிய நஞ்சு. எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவோடு, மேற்பரப்பில் மூச்சுவிடும் பிற நீர்ப்பூச்சிகளையும் அழிக்கிறது.

சிலிக்காவைப் பற்றி மேலும் எச்சரிக்கை தேவை. படிக வடிவிலுள்ள சிலிக்காத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் உண்டாகிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் பலகைக்குச்சி செய்த தொழிலாளர்களும், குஜராத்தின் காம்பாத்தில் அகேட் கற்களைத் தீட்டிய தொழிலாளர்களும் இந்நோய்க்கு இரையான வரலாறு நாடறிந்தது. டயாட்டம் மண்ணும் பெர்லைட்டும் பெரும்பாலும் படிகமற்ற சிலிக்கா ஆதலால் இடர் குறைவு. ஆயினும், டயாட்டம் மண்ணை உயர்ந்த வெப்பத்தில் சுட்டால் அதன் ஒரு பகுதி படிகமாக மாறிவிடுகிறது. எனவே, கொள்முதல் செய்யும் ஒவ்வொரு தொகுதியிலும் படிகச் சிலிக்காவின் அளவைச் சோதிப்பது அவசியம். தூளாகத் தூவுவதைவிட நீரில் கரைத்துத் தெளிப்பதே பாதுகாப்பானது. அப்போதும் மூட்டையைப் பிரித்துக் கலக்கும் பணியாளர் தூசியைச் சுவாசிக்க நேர்கிறது. அப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பருவகாலத் தினக்கூலிகள். அவர்களுக்கு முகக்கவசம் வழங்குவதும், அதை அணிவதை உறுதி செய்வதும் திட்டச் செலவின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

செலவும் நிர்வாகமும்

சதுர மீட்டருக்கு டெல்டாமெத்ரின் 20 மில்லிகிராம் போதும், டி.டி.டி. 1 கிராம் தேவை. கனிமத் தூள்களும் கிராம் கணக்கிலேயே தேவைப்படுகின்றன. விலை மலிவாக இருந்தாலும், சாலையற்ற மலைக்கிராமங்களுக்கு அவற்றைச் சுமந்து செல்லும் செலவு கூடும். எண்ணெயோ வாரந்தோறும் தெளிக்கப்பட வேண்டும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆவதால், ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும்.

சுவர்த் தூளுக்கும் இதேபோன்ற இடர் உண்டு. பண்டிகைக்கு முன் வீட்டுச் சுவரைச் சாணமிட்டு மெழுகுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் நம் மக்களின் வழக்கம். அவ்வாறு மெழுகினால் தூள் அடியில் மறைந்துவிடும். டி.டி.டி. தெளிப்பும் இதனால் பல இடங்களில் பயனிழந்தது. தெளிக்கும் நாளை முன்கூட்டி அறிவித்து, மெழுகும் பணியை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுமாறு வீட்டுப் பெண்களுடன் கலந்து பேசினால் இத்தவற்றைத் தவிர்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் வேலையையும் பயன் தரும் வேலையையும் வேறுபடுத்திப் பார்ப்பது அலுவலர்களின் கடமை. சாக்கடை ஓரங்களில் பிளீச்சிங் தூளையும் சுண்ணாம்பையும் வெள்ளைக் கோடாகத் தூவும் வழக்கம் பல நகராட்சிகளில் காணப்படுகிறது. இவையும் கனிமப் பொருள்களே. பிளீச்சிங் தூள் குடிநீரைத் தூய்மையாக்கச் சிறந்தது. ஆனால் உலர்ந்த தரையில் தூவுவதால் நீரிலுள்ள கொசுப்புழு சாவதில்லை. அதே தொகையைக் கொண்டு, தேங்கிய நீரை வடிக்கவும் தொட்டிகளுக்கு மூடி அமைக்கவும் செய்திருக்கலாம்.

1983ஆம் ஆண்டில் குஜராத்தின் கேடா மாவட்டம் நடியாது வட்டத்தில் மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட முயற்சி இங்கு நினைவுகூரத்தக்கது. பூச்சிக்கொல்லித் தெளிப்பைச் சார்ந்திராமல், பள்ளங்களை நிரப்புதல், வடிகால் அமைத்தல், கப்பி மீன் வளர்த்தல், கிணறுகளில் பாலிஸ்டைரின் மணிகளை இடுதல் ஆகியவற்றை மக்களின் ஒத்துழைப்போடு அங்குச் செயற்படுத்தினர். கனிமப் பொருள்களுக்குரிய இடமும் இத்தகைய ஒருங்கிணைந்த திட்டத்துக்குள்தான் அமைய வேண்டும். வடிக்க இயலாத கழிவுநீருக்குப் படலம், மருந்துக்கு மடியாத கொசு உள்ள ஊருக்குச் சுவர்த் தூள் என இடமறிந்து பயன்படுத்தினால், இருக்கும் மருந்துகளின் ஆற்றலும் நீண்ட காலம் காக்கப்படும்.

இரசாயன மருந்து சிறிதளவு பட்டாலே கொல்லக்கூடியது. எனவே, தெளிப்பில் நேரும் சிறு குறைகளை அதன் வலிமை ஓரளவு ஈடுசெய்தது. கனிமப் பொருள்களுக்கு அந்த வலிமை இல்லை. படலம் கிழிந்த இடத்தில் புழு மூச்சு விடும். தூள் படாத சுவரில் கொசு அமரும். ஆகவே, இம்முறையின் வெற்றி, எந்த வீடும் எந்தக் குட்டையும் விடுபடாத பணியொழுங்கைப் பொறுத்தது. எந்த ஊரில் எந்தக் கொசு நோய் பரப்புகிறது, அது எந்த மருந்தைத் தாங்குகிறது, எங்கு அமர்கிறது, எங்கு முட்டையிடுகிறது என்ற விவரங்கள் அடங்கிய பதிவேடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருத்தல் வேண்டும். 1965இல் கைக்கு எட்டிய வெற்றி நழுவியதுபோல் 2030இலும் நேராதிருக்க, இப்பதிவேட்டிலிருந்தே பணி தொடங்க வேண்டும்.